அம்மா அரைக்கிற பொடிக்கு பேடன்ட் உண்டா?

கேள்வி: பி.பி.ஏ. படிக்கிறேன் சார். எங்கம்மா அரைக்கிற இட்லிப்பொடிய ஒரு பேர் வச்சு விக்கப் போறோம். ஜிஎஸ்டி எடுத்தாச்சு, பேர் எங்களுக்குத்தானே? ரெசிபிக்கு பேடன்ட் வாங்கணுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: இல்லம்மா, ஜிஎஸ்டி வரிக்கு மட்டும்தான், பேருக்கு டிரேட்மார்க் தனியா பதியணும், தனிநபர்னா ஆன்லைன்ல ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபா, கிடைச்சா 10 வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கிட்டே போலாம். 'சுவையான இட்லிப்பொடி'ன்னு பொதுவா வச்சா பதியறது ரொம்ப கஷ்டம், வேற பேர் யோசிங்க. பேடன்ட்ங்கிறது புதுக் கண்டுபிடிப்புக்குக் குடுக்கிற உரிமை, அது வேண்டவே வேண்டாம், சாமான்கள சும்மா கலக்குறதுக்கு நம்ம சட்டத்துல அது கிடையாது, அதோட விண்ணப்பம் போட்டா 18 மாசத்துல பப்ளிக் ஆயிடும், அம்மாவோட அளவெல்லாம் ஊருக்கே தெரிஞ்சுடும். அந்த அளவ ரகசியமா வச்சுக்கங்க, வேலைக்கு வர்றவங்ககிட்ட வெளிய சொல்ல மாட்டோம்னு எழுதி வாங்கிடுங்க. லேபிள் வரைஞ்சு குடுக்கிறவர்கிட்டயும் காப்பிரைட்ட எழுத்துல மாத்தி வாங்கணும், இத நெறைய பேர் மறந்துடறாங்க.