தெருவில் ஊஞ்சல் கட்டினால் அது எப்படிக் கலையாகும்?

கனடாவின் மொன்றியல் நகரில் 2011இல் வைத்த 21 ஊஞ்சல்களைக் காட்டி, பூங்கா ஊஞ்சலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

வித்தியாசம் ஓசையில் இருக்கிறது. ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் ஒரு வாத்தியத்தின் ஒலி: பியானோ, கிதார், ஹார்ப், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரபோன். நீங்கள் தனியாக ஆடினால் உங்கள் பங்குக்குச் சில சுரங்கள் கேட்கும், அவ்வளவுதான். பக்கத்து ஊஞ்சல்காரரோடு ஒரே வீச்சில் முன்னே போய்ப் பின்னே வந்தால், தனியாக எவ்வளவு ஆடினாலும் வராத மெட்டு பிறக்கும். அதற்காக, முன்பின் தெரியாத ஒருவரின் காலைக் கவனித்து, நம் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அப்புறம் உந்த வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த வேலைப்பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான். யாரும் அறிவிப்புப் பலகை வைத்து ‘ஒத்துழையுங்கள்’ என்று சொல்லவில்லை, காதே சொல்லிக்கொடுக்கிறது.

இது தற்செயலாக அமைந்ததும் அல்ல. வடிவமைத்த ‘டெய்லி டூ லே ஜூர்’ குழு, விலங்குகளின் நடத்தையை ஆராயும் லுக்-அலான் ஜிரால்டோ என்ற அறிவியலாளரோடு சேர்ந்து, மனிதர்கள் எப்படி ஒத்துழைக்கிறார்கள் என்று யோசித்துத்தான் விதிகளை அமைத்தது. இருட்டினால் ஊஞ்சல் பலகைகளின் அடிப்பக்கம் ஒளிரும். பெரியவர்களும் கூச்சப்படாமல் ஏறி உட்கார்ந்து ஆடுகிறார்கள்.