ஹானர்ஸ் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

வணக்கம் ஐயா,

உங்கள் மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், நாலாவது செமஸ்டர். சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டரும் சேர்ந்த சராசரி, பத்துக்கு) 7.8, அரியர் இல்லை. ஐந்தாவது செமஸ்டரிலிருந்து 'ஹானர்ஸ்' எடுக்கலாம் என்று கல்லூரியில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். கூடப் படிக்கும் நாலு பெண்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "இதை விட்டால் கேம்பஸில் வேலை கிடைக்காதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பயம் வேண்டாம். கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் முதலில் வடிகட்டுவது அரியர் நிலுவையையும் மதிப்பெண் வரம்பையும் வைத்துத்தான். அதைத் தாண்டினால் ஆன்லைன் தேர்வு, கோடிங், நேர்காணல். ஹானர்ஸ் இல்லை என்பதற்காக மட்டும் கழற்றிவிடப்பட்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை. கோடிங் சுற்றில் முப்பது வரி எழுதத் தெரியாமல் வெளியே வந்த ஒன்பது சி.ஜி.பி.ஏ. பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, இது என்ன படிப்பு? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி, நாலாவது செமஸ்டர் வரை எல்லாப் பாடத்திலும் முதல் முயற்சியிலேயே தேறி, 7.5 சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பவர்கள் கூடுதலாக 18 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தின் எடையைக் காட்டும் புள்ளி) படிக்கலாம். அதாவது மூன்று கிரெடிட் பாடங்கள் ஆறு. ஆறும் ஒரே வெர்டிக்கலிலிருந்து, அதாவது ஒரே சிறப்புத் துறையின் பாடத் தொகுப்பிலிருந்து, என்றால் பட்டத்தில் அந்தச் சிறப்புத் துறையின் பெயரும் வரும். கலந்து எடுத்தால் வெறும் பி.இ. ஹானர்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று பல வெர்டிக்கல்கள் உண்டு. இன்னொரு துறையின் பாடங்களை எடுத்தால் அதன் பெயர் 'மைனர்'. உங்கள் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அவர்களுடைய விதிமுறைப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். மகளின் பேட்ச்சுக்கு உரிய புத்தகமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழப்பமெல்லாம் இந்த 'ஹானர்ஸ்' என்ற சொல்லால் வருவது. பிரிட்டனில் பி.எஸ்சி. ஹானர்ஸ் என்பதுதான் வழக்கமான பட்டம். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு எல்லாம் அதற்குள்தான். இலங்கையில் அது நான்கு ஆண்டுப் பட்டம். அமெரிக்காவில் பெரும்பாலும் கடைசி ஆண்டில் ஒரு பேராசிரியரின் கீழ் ஆய்வு செய்து ஆய்வேடு எழுதுவது. இங்கே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022-ல் கொண்டுவந்த நான்கு ஆண்டுத் திட்டத்தில் மூன்று ஆண்டு, 120 கிரெடிட்டுக்குச் சாதாரணப் பட்டம்; நான்காம் ஆண்டும் சேர்த்து 160 எடுத்தால் ஹானர்ஸ். அதில் முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவர்கள் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸுக்கும் போகலாம். மகளுக்கு வந்திருக்கும் படிவம் இவற்றில் எதுவும் இல்லை. இது ஆறு பாடம் அதிகம் படிப்பது, அவ்வளவுதான். வெளிநாட்டில் 'ஹானர்ஸ்' என்றால் பெரிய மதிப்பு என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள்.

இனி நேரக் கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் வெறும் வகுப்பாக 45 பீரியட், லேபும் சேர்ந்தால் 60. செமஸ்டருக்கு இரண்டு வீதம் ஐந்து, ஆறு, ஏழில் முடிக்க வேண்டியிருக்கும். மொத்தம் 270 முதல் 360 பீரியட். ஐந்தாவது செமஸ்டரில் ஏற்கெனவே நெட்வொர்க்ஸ், கம்பைலர், கிரிப்டோகிராஃபி, டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங் என்று கனமான பாடங்கள். ஏழாவதில் பிளேஸ்மென்ட் ஓட்டம். காலை ஆறரைக்குக் காலேஜ் பஸ் ஏறி மாலை ஆறரைக்கு வீடு திரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடுதல் வகுப்பை மாலையில் வைத்தால் அந்த பஸ் போய்விடும், சனிக்கிழமை வைத்தால் இருக்கிற ஒரு மூச்சுவிடும் நாளும் போய்விடும். அவளுடைய 7.8-க்கும் ஹானர்ஸ் கேட்கும் 7.5-க்கும் நடுவில் இருப்பது ஒரு மோசமான செமஸ்டர் தூரம்தான். எட்டரைக்கு மேல் இருக்கும் பெண்ணுக்கு இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஹானர்ஸ் எடுக்காவிட்டாலும் சாதாரண பி.இ.யிலேயே ஆறு புரொஃபஷனல் எலெக்டிவ் (விருப்பப் பாடம்) இருக்கிறது, அதே வெர்டிக்கல்களிலிருந்து! டேட்டா சயின்ஸ்தான் பிடிக்கும் என்றால் அந்த ஆறையும் அங்கிருந்தே எடுக்கலாம். பட்டத்தில் அந்தப் பெயர் வராது, படிப்பு வரும். ஹானர்ஸுக்குப் போனால் ஒரே பாடத்தை இரண்டு கணக்கிலும் காட்ட முடியாது, அதனால் எலெக்டிவுக்கு வேறு வெர்டிக்கல் தேட வேண்டும். அங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. புத்தகத்தில் இருக்கிற வெர்டிக்கல் எல்லாம் கல்லூரியில் நடப்பதில்லை. மகளிடம் விசாரிக்கச் சொல்லுங்கள்: போன ஆண்டு எந்தெந்தப் பாடம் நடந்தது, யார் எடுத்தார், லேபில் உட்கார்ந்து செய்தார்களா, இல்லை பி.டி.எஃப். வந்ததோடு சரியா? சீனியர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

எம்.டெக். ஆசை இருந்தால் இன்னொரு கணக்கு. எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வின் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் வருவது கணிதம், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம், ஆட்டோமேட்டா, கம்பைலர், ஓ.எஸ்., டி.பி.எம்.எஸ்., நெட்வொர்க்ஸ். அத்தனையும் கட்டாயப் பாடங்கள். வெர்டிக்கல் பாடங்களுக்கு அதில் இடமே இல்லை என்று சொல்லலாம். 2024-ல் சேர்த்த டேட்டா சயின்ஸ் - ஏ.ஐ. தாள் எழுதினால்தான் டேட்டா சயின்ஸ் வெர்டிக்கல் கொஞ்சம் கைகொடுக்கும். மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹானர்ஸுக்குப் போகும் அந்த நேரம் வேறு எங்கே போகலாம் என்பதற்கு அது ஒரு விடை.

அப்படியானால் யார்தான் எடுக்கலாம்? விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், மதிப்பெண்ணில் இடைவெளி வைத்திருப்பவர்கள், ஒரு துறையில் ஏற்கெனவே கை வைத்துவிட்டவர்கள். சைபர் செக்யூரிட்டி என்றால் தூக்கத்தை விட்டுவிட்டு உட்காருகிற பிள்ளைக்கு அந்த ஆறு பாடம் சுமையே இல்லை. அதில் ஒரு ஆசிரியர் பிடித்துப்போய் அவரோடு ஒரு புராஜெக்ட் செய்து முடித்தால், ரெஸ்யூமேயில் நேர்காணல் செய்பவர் கேள்வி கேட்கும் வரி அதுவாகத்தான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று, மகள் என்ன சொல்கிறாள் என்பது. அவள் தோழிகளுக்காகவா, உங்களுக்காகவா, தனக்காகவா என்று தெரியாமல் நான் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. இப்போதைக்கு என் சாய்வு வேண்டாம் பக்கம். எலெக்டிவ் ஆறையும் யோசித்து எடுக்கட்டும். மாலையில் மிஞ்சும் ஒரு மணி நேரம் கோடிங் பயிற்சிக்குப் போகட்டும். பிடித்த பாடம் ஒன்று இருந்தால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் வகுப்பான என்.பி.டெல்-லில் பன்னிரண்டு வாரம் பார்க்கட்டும். பார்ப்பதற்குக் காசு இல்லை, சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம்.

அவளே பிடிவாதமாக ஹானர்ஸ் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடுங்கள். ஆனால் அதற்கு முன் துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) இரண்டு கேள்விகள்: வகுப்பு எத்தனை மணிக்கு, நடுவில் விட்டுவிட்டால் முடித்த பாடங்கள் மதிப்பெண் பட்டியலில் எப்படி வரும்? பதிலை எழுதி வாங்கிக்கொண்டு நாலு செமஸ்டர் மார்க் ஷீட்டோடு மகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாருங்கள். நீங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தால் போதும்.