ஆச்சி தைத்த ஒட்டுப்போர்வை

அன்புள்ள அக்கா,

தக்கலையிலிருந்து எழுதுகிறேன். அம்மையின் டிரங்குப் பெட்டியில் ஆச்சி கையால் தைத்த போர்வை ஒன்று கிடைத்தது. பழைய சேலை, சட்டை, முண்டுத் துண்டுகளை ஒட்டித் தைத்தது. ஓரத்தில் ரேந்தை (லேஸ் பின்னல்). பின்பக்கத் துணியில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படமும் மங்கிய ஆங்கில எழுத்தும் தெரிகின்றன. 1942-இல் ஆச்சி கல்யாணத்துக்கு முன்பே தைத்தது என்று வீட்டில் சொல்வார்கள். அண்ணன் சலவைக்குக் கொடுக்கலாம் என்கிறான். தங்கை மூன்றாக வெட்டிச் சட்டம் போட்டுப் பங்கு வைக்கலாம் என்கிறாள். அம்மைக்கு எண்பது வயது. இது எந்தக் காலத்தது, எப்படிப் பதிவுசெய்வது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

துவைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். என் பெரியம்மை தைத்த விரிப்பை நான் சலவைக்குக் கொடுத்துத்தான் இழந்தேன். திரும்பி வந்தபோது சீட்டித் துணியில் கறுப்புப் பூ இருந்த இடமெல்லாம் ஓட்டை. பழைய கறுப்புச் சாயத்தில் இரும்பு சேர்ப்பதுண்டு. அது காலப்போக்கில் பருத்தி நூலை அரித்துவிடும். பார்க்க நன்றாகவே இருக்கும், தண்ணீர் பட்டதும் உதிரும். இதை அன்று எனக்குச் சொல்ல ஆளில்லை.

அந்தக் கைகுலுக்கும் படம் அமெரிக்க உணவு உதவி மூட்டையின் முத்திரை. 1954-இல் வந்த பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் இந்தியாவுக்குக் கோதுமை வந்து இறங்கியது. காலியான பருத்திச் சாக்கை யாரும் எறியவில்லை, உரித்து வெளுத்துத் துணியாக்கிக்கொண்டார்கள். ஆகவே உங்கள் பின்துணி 1942-இல் இருந்திருக்க வழியில்லை.

அதற்காக வீட்டுக் கதை பொய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மேல்துணி முன்பே தைத்ததாக இருந்து, பின்துணி நைந்தபின் சாக்கை வைத்து மறுபடி தைத்திருக்கலாம். ஓரத்தில் தையல் விட்டிருக்கும் இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். மேல்துணியில் நூலில்லாத பழைய ஊசித் துளைகள் வரிசையாக இருந்தால் அது இரண்டாம் தடவை தைத்தது. ஒரே நூல் இரண்டு துணியையும் கோத்துப் போகிறது, வேறு துளையே இல்லை என்றால் எல்லாம் ஒன்றாகத் தைத்தது. ஒட்டுப்போர்வைக்கு வயது சொல்வது அதிலுள்ள மிகப் புதிய துணிதான். மற்ற துண்டுகள் எவ்வளவு பழையவையாகவும் இருக்கலாம். தானாக உதிர்ந்த நூல் இருந்தால் மட்டும் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். அது இங்கிலாந்தில் உருவானதே 1941-இல்தான், ஆகவே 1942-இல் நம் வீட்டுப் போர்வையில் இருந்திருக்காது.

ரேந்தை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உரிய தடயம். சொல் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். திண்டில் குண்டூசி குத்தி, கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் பின்னுவது. பின்பு முளகுமூட்டிலும் கன்னியாஸ்திரிகள் இந்த வேலையை நடத்தினார்கள். உங்கள் ஓரத்தில் நூல் இணைத்த முடிச்சுகள் அங்கங்கே ஒழுங்கின்றித் தெரிந்தால் கைப்பின்னல். ஆச்சியோ அவர் அம்மையோ ரேந்தை பின்னி விற்றார்களா என்று கேளுங்கள்.

கேட்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். துணி இன்னும் ஐம்பது வருஷம் கிடக்கும். எந்தத் துண்டு யாருடையது என்று தெரிந்தவர் அம்மை ஒருவர்தான். போர்வை 1950களில் தைத்தது என்றால் அம்மையின் சிறுவயதுப் பாவாடைகூட அதில் இருக்கலாம்! பகல் வெளிச்சத்தில் பாயில் விரித்து, பக்கத்தில் அளவுநாடா வைத்து இருபுறமும் படம் எடுங்கள். கட்டத்தாளில் துண்டுகளை வரைந்து எண் போடுங்கள். பிறகு அம்மையை அருகே உட்காரவைத்து, ஃபோனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒன்றாம் எண்ணிலிருந்து தொட்டுக் காட்டிக் கேளுங்கள். நினைவில்லை என்றால் நெருக்காதீர்கள், அடுத்ததற்குப் போங்கள். அவர்களே அதற்குத் திரும்பி வருவார்கள்.

நமக்கு இரண்டு பருவமழை, ஈரம் அதிகம். பிளாஸ்டிக் பையில் போடாமல், கஞ்சியில்லாத பழைய வேட்டியில் சுருட்டி வையுங்கள். பங்கு வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாமே.

அந்த ஊசித் துளைகளைப் பார்த்ததும் எழுதுங்கள். அறியக் காத்திருக்கிறேன்.