பென்னி டப்பாவைக் கொட்டித் தேடினா நிஜமாவே விலை போற காசு கிடைக்குமா?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான்: டெக்சாஸ்ல இருக்கிற உங்க அண்ணன் ஏதோ வீடியோ பார்த்துட்டு பேங்க்ல டப்பா டப்பாவா பென்னி, அதாவது அமெரிக்காவோட ஒரு சென்ட் காசு, வாங்கித் தேடப் போறேன்னு நிக்கிறாரு, அதுல ஏதாவது தேறுமா இல்ல நேரம்தான் போகுமான்னு. நான் நியூஜெர்சில நாலு வருஷமா இதைப் பண்ணிட்டு இருக்கேன், அதனால என் கையில பட்டதை வச்சு சொல்றேன்.

தேறும். ஆனா வீடியோல காட்டுற காசு இல்ல, வேற காசு. அந்த வித்தியாசம் தெரிஞ்சு உக்காந்தா சந்தோஷமா பண்ணலாம், தெரியாம உக்காந்தா ரெண்டாவது டப்பாலயே வெறுத்துடும்.

முதல்ல கணக்கு. ஒரு டப்பான்னா காகிதத்துல சுத்தின 50 ரோல், ரோலுக்கு 50 காசு, ஆக 2,500 பென்னி, 25 டாலர். தேடி முடிச்சு எடுத்தது போக மிச்சத்தை பேங்க்லயே கட்டிடலாம், ஒரு பைசா நஷ்டம் கிடையாது, லாட்டரி டிக்கெட் மாதிரி போட்ட காசு போயிடுச்சுங்கிற பேச்சே இல்ல. போறது நேரம் மட்டும்தான். எனக்கு ஒரு டப்பா முடிக்க மூணு மணி நேரம் ஆகும், முதல் டப்பாவுக்கு ஒரு நாள் முழுக்க ஆச்சு.

நிச்சயமா கிடைக்கிறது செம்புக் காசு. 1982க்கு முன்னாடி அடிச்ச பென்னில 95 சதவீதம் செம்பு, 3.11 கிராம் எடை, அதுக்கப்புறம் வந்ததெல்லாம் உள்ள துத்தநாகம் மேல லேசா செம்பு முலாம், 2.5 கிராம்தான். 1982ல மட்டும் ரெண்டு வகையும் அடிச்சிருக்காங்க, வருஷத்தைப் பார்த்து சொல்ல முடியாது, சின்ன எடை மெஷின் வேணும். கொஞ்ச நாள் பழகிட்டா மெஷினே வேண்டாம், மேஜை மேல போட்டாலே தெரியும், செம்பு கிணிங்னு இழுத்து பாடும், துத்தநாகம் டொக்குனு செத்த சத்தம் போடும். செம்பு விலைக்கு ஒரு பழைய பென்னில இருக்கிற செம்பே ஒரு சென்ட்டை விட ரெண்டு மடங்குக்கு மேல போகும், ஆனா உங்க அண்ணன் கிட்ட இதை அழுத்தி சொல்லிடுங்க, உருக்கக் கூடாது, 2006 டிசம்பர்ல இருந்து பென்னியையும் நிக்கல்னு சொல்ற அஞ்சு சென்ட் காசையும் உருக்குறது அங்க குற்றம், 10,000 டாலர் வரைக்கும் அபராதம், அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில். மூட்டை கட்டி ஊருக்கு எடுத்துட்டு வரவும் முடியாது. நான் சும்மா டப்பால போட்டு வச்சிருக்கேன்.

அடுத்தது கோதுமைக் கதிர் போட்ட பென்னி, வீட் பென்னின்னு சொல்வாங்க, 1909ல இருந்து 1958 வரைக்கும் அடிச்சது. முன்னாடி லிங்கன் தலை, பின்னாடி ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு கதிர் வளைஞ்சு நிக்கும். பளபளன்னு இருக்கிற காசுக்கு நடுவுல நல்லா கறுத்த பனங்கருப்பட்டி நிறத்துல ஒண்ணு தெரியும் பாருங்க, திருப்பறதுக்கு முன்னாடியே மனசு சொல்லிடும். என் அனுபவத்துல ஒரு டப்பாவுக்கு நாலஞ்சு வந்தா நல்ல டப்பா, ஒண்ணுமே இல்லாத டப்பாவும் நிறைய பார்த்திருக்கேன். பெரும்பாலும் இதுக்கு சில சென்ட்தான் விலை. ஆனா 1909ல சான்ஃபிரான்சிஸ்கோல அடிச்சதுக்கு வருஷத்துக்குக் கீழ எஸ்னு ஒரு எழுத்து இருக்கும், அதுலயே பின்பக்கம் அடியில டிசைன் பண்ணின விக்டர் டேவிட் பிரென்னரோட வி.டி.பி. இனிஷியலும் இருந்தா அதுதான் எல்லாரும் கனவு காண்றது, அடிச்சதே 4,84,000தான், தேஞ்சு போனதுக்கே நூத்துக்கணக்குல டாலர் குடுப்பாங்க. 1914 டென்வர், 1931 சான்ஃபிரான்சிஸ்கோ இதெல்லாமும் அந்த வரிசைதான். எனக்கு இதுல ஒண்ணு கூட வரல.

இப்போ வீடியோக்காரங்க சொல்ற தப்புக் காசு, அதாவது அடிக்கும்போதே தப்பா விழுந்தது. 1955, 1972, 1995 மூணுலயும் அச்சே ரெட்டையா விழுந்து லிங்கன் பக்கத்து எழுத்து ரெண்டு ரெண்டா தெரியிற காசு உண்டு, 1983ல பின்பக்கம் அப்படி. 1955 நல்லதா இருந்தா ஆயிரம் டாலருக்கு மேல போகும், அது உண்மைதான். ஆனா புதுசா வர்றவங்க எல்லாரும் ஏமாறுறது இங்கதான், அடிக்கும்போது மெஷின் கொஞ்சம் ஆடினாலும் எழுத்துக்குப் பக்கத்துல படிக்கட்டு மாதிரி தட்டையா ஒரு நிழல் விழும், அது விலைக்கு உதவாது. நிஜமான ரெட்டை அச்சுல எழுத்து முனையே ரெண்டா பிளந்து, ரெண்டுமே உருண்டையா தூக்கி நிக்கும். பத்து மடங்கு லென்ஸ் வாங்கி, நல்ல வெளிச்சத்துல காசை லேசா சாய்ச்சுப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம் 1992ல அமெரிக்காங்கிற வார்த்தையோட முதல் ஏ-யும் எம்-மும் அடியில ஒட்டுற மாதிரி நெருங்கி இருந்தா எடுத்து வைக்கணும், அந்த வருஷத்துக்கு அது ரொம்ப அபூர்வம். 1998, 1999, 2000ல அப்படியே தலைகீழ், இடைவெளி விட்டு இருந்தாதான் எடுத்து வைக்கணும்.

இதெல்லாம் பாக்குறது எங்கம்மா முறத்துல அரிசியைப் பரப்பி கல்லு பொறுக்குற மாதிரிதான். அவங்க ஒவ்வொரு அரிசியா பாக்க மாட்டாங்க, கல்லு தானா கண்ணுல மாட்டும். பத்து டப்பா தாண்டினா அந்தக் கண்ணு நமக்கும் வந்துடும், அதுவரைக்கும் பொறுமை வேணும்.

எனக்குக் கிடைச்சதுலயே பெருசுன்னு நான் நினைக்கிறது 1943 இரும்புக் காசு. ரெண்டாம் உலகப் போர்ல செம்பு ஆயுதத்துக்குத் தேவைப்பட்டதால அந்த ஒரு வருஷம் மட்டும் இரும்புல துத்தநாக முலாம் போட்டு அடிச்சாங்க. பேங்க்ல ஒரு டெல்லர் அம்மா என்னைப் பார்த்தா கவுன்ட்டருக்கு அடியில இருந்து கஸ்டமருங்க வீட்ல கையால சுத்திக் கொண்டு வந்த ரோலா எடுத்துக் குடுப்பாங்க, யாரோ ஒரு பெரியவரோட பாட்டில்ல பல வருஷமா கிடந்த காசு அப்படித்தான் வெளிய வரும், மெஷின் சுத்தின டப்பாவை விட எப்பவுமே அதுதான் உசத்தி. அப்படி ஒரு ரோலைப் பிரிச்சப்போ சாம்பல் நிறத்துல ஒண்ணு உருண்டுச்சு, டைம்னு சொல்ற பத்து சென்ட் காசுன்னு நினைச்சேன், என் பொண்ணு ஃபிரிட்ஜ்ல இருந்த காந்தத்தை எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சா, டப்புனு ஒட்டிக்கிச்சு. அவ கத்தினதுல தூங்கிட்டு இருந்த எங்க மாமியார் எழுந்து வந்துட்டாங்க. விலைன்னு பார்த்தா பெருசா ஒண்ணும் இல்ல, அந்த வருஷம் நூறு கோடிக்கு மேல அடிச்சிருக்காங்க. 1943ல தவறிப் போய் செம்புல விழுந்த சில காசுதான் லட்சக்கணக்கான டாலர், அதனாலயே இரும்புக் காசுக்கு செம்பு முலாம் பூசி விப்பாங்க, காந்தம் ஒட்டுச்சுன்னா அது போலி. 1948ல எட்டைச் சுரண்டி மூணாக்கினதும் உண்டு, அது ஒட்டாது, அதனால காந்தத்தை மட்டும் நம்பக் கூடாது.

ஒரே ஒரு முறை, வாங்கின பேங்க்லயே 25 டாலர் சில்லறையைக் கொண்டு போய் கொட்டினேன், அங்க இருந்தவருக்கு முகமே மாறிடுச்சு, அடுத்த தடவை கேட்டப்போ டப்பா இல்லன்னுட்டாரு. அவங்களுக்கும் வேலை இருக்கில்ல. ஒரு இடத்துல வாங்கி, சில்லறை எண்ற மெஷின் இருக்கிற வேற இடத்துல கட்டுறதுதான் முறை.

ஆனா உங்க அண்ணன் சீக்கிரம் ஆரம்பிக்கணும். ஒரு பென்னி அடிக்க 3.69 சென்ட் ஆகுதுன்னு 2025 நவம்பர் 12ஆம் தேதி ஃபிலடெல்ஃபியால புழக்கத்துக்கான பென்னியைக் கடைசியா அடிச்சு நிறுத்திட்டாங்க, 1793ல இருந்து வந்தது. இருக்கிற காசு செல்லும், ஆனா டப்பா முன்ன மாதிரி கேட்டவுடனே கிடைக்கல, எங்க பக்கத்து பேங்க்ல ரெண்டு ரோலுக்கு மேல தர மாட்டேங்கிறாங்க.

அப்புறம் அவருக்கு எது கிடைச்சாலும் சரி, புளி போட்டோ பல் தேய்க்கிற பேஸ்ட் போட்டோ மட்டும் தேய்க்க வேண்டாம்னு சொல்லுங்க. நம்ம வீட்ல செம்புப் பாத்திரம் தேய்ச்ச பழக்கத்துல கை தானா போகும். தேய்ச்ச காசை எடுத்துட்டுப் போனா கடைக்காரர் பார்த்த உடனே கண்டுபிடிச்சு பாதி விலைக்கும் கீழ கேப்பாரு.