விபத்தில் முதலிடம் தமிழ்நாடா, உத்தரப் பிரதேசமா?

கேள்வி: என் மகனுக்கு லக்னோவில் வேலை கிடைத்திருக்கிறது. பைக்கை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகிறேன் என்கிறான். இதை வைத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. சாலை விபத்துச் சாவில் உத்தரப் பிரதேசம்தான் முதலிடம் என்று என் மச்சினர் ஒரு சார்ட் போட்டார். விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம் என்று மகன் பதிலுக்கு இன்னொன்றைப் போட்டான். இரண்டிலும் ‘மத்திய அரசுப் புள்ளிவிவரம், 2022’ என்றுதான் போட்டிருக்கிறது. எது பொய்? இரண்டையும் இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: இரண்டுமே பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை ஒரே நாளில் முடிந்திருக்கும்.

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் ஆண்டுதோறும் சாலை விபத்துகள் பற்றி ஓர் அறிக்கை வெளியிடுகிறது. 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். நாட்டிலேயே அதிகம். உத்தரப் பிரதேசத்தில் 41,746. ஆனால் இறந்தவர்கள் கணக்கில் உ.பி. 22,595 பேருடன் முதலிடம், தமிழ்நாடு 17,884 பேருடன் இரண்டாம் இடம். உங்கள் மச்சினரும் மகனும் ஒரே அறிக்கையிலிருந்து ஆளுக்கொரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

முதலில் மகன் போட்ட சார்ட்டில் உள்ள ஒரு சின்ன வித்தையைப் பார்த்துவிடுவோம். அதில் தமிழ்நாட்டுப் பட்டை, இரண்டாவதாக வரும் மத்தியப் பிரதேசத்தின் பட்டையைப் போல மூன்று மடங்கு உயரமாக நிற்கிறது. மத்தியப் பிரதேசத்தில் விபத்துகள் 54,432. அப்படியானால் வித்தியாசம் 18 சதவீதம்தான். பிறகு எப்படி மூன்று மடங்கு? இடதுபக்க ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள். கீழே பூஜ்யத்தில் தொடங்காமல் 50,000-இல் தொடங்குகிறது. அதாவது 14,105-ஐயும் 4,432-ஐயும்தான் நம் கண் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஆளின் இடுப்புக்குக் கீழே மறைத்துவிட்டு உயரம் அளப்பது மாதிரி. கோடாக வரையும் படத்தில் பூஜ்யத்திலிருந்து தொடங்காவிட்டாலும் பல சமயம் பாதகமில்லை. பட்டையாக வரைந்தால் நீளமே சேதி, அதனால் அடியை வெட்டக் கூடாது. சரி, இதைத் திருத்திவிட்டாலும் தமிழ்நாடு முதலிடம் என்பது மாறாது.

அடுத்து கேட்க வேண்டியது: ‘விபத்து’ என்று எதை எண்ணியிருக்கிறார்கள்? சாலையில் நடந்தவை எல்லாம் இதில் வருவதில்லை. காவல் நிலையத்தில் பதிவானவை மட்டுமே வரும். கால் எலும்பு முறிந்த ஒருவர் இழப்பீட்டு வழக்குப் போட வேண்டுமென்றால் எஃப்.ஐ.ஆர். வேண்டும், அதனால் பதிவு செய்வார். இன்னோர் ஊரில் இரண்டு பக்கமும் சத்தம் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, அங்கேயே முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அது எந்த அட்டவணையிலும் ஏறாது.

இது வெறும் ஊகமா என்று கேட்பீர்கள். 100 விபத்துக்கு எத்தனை சாவு என்று வகுத்துப் பார்த்தால் தடயம் கிடைக்கிறது. நாடு முழுவதற்கும் சராசரி 36 சொச்சம். தமிழ்நாட்டில் 28. உ.பி.யில் 54. கேரளத்தில் 43,910 விபத்துகளில் 4,317 பேர், அதாவது 10-க்குச் சற்றுக் குறைவு. மிசோரத்தில் 133 விபத்து, 113 சாவு! ஒரு மாநிலம் முழுக்க ஒரு வருடத்தில் உயிர்ச்சேதம் இல்லாத விபத்து இருபது, முப்பதுதான் நடந்தது என்றால் யார் நம்புவார்கள்? உ.பி.யில் நெடுஞ்சாலை வேகம், ஆஸ்பத்திரி தூரம் என்று உண்மையான காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் நம்மைப்போல மூன்று மடங்கு மக்கள் இருக்கும் மாநிலத்தில் கை கால் முறிவது நம்மைவிடக் குறைவு என்பதை நான் ஏற்க மாட்டேன். சின்ன விபத்துகள் அங்கே பதிவாகவில்லை என்றே நினைக்கிறேன். ஆக, ‘விபத்தில் முதலிடம்’ என்பதில் ஒரு பகுதி, நம் ஊரில் ஒழுங்காக எழுதிவைக்கிறார்கள் என்பதற்குக் கிடைத்த பெயர்.

இதைப் படித்ததும் மச்சினர் மீசையை முறுக்க வேண்டாம். சாவு எண்ணிக்கையில் உ.பி. முதலிடம் என்றால், அங்கே மக்கள்தொகை எவ்வளவு? 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்காததால் மதிப்பீட்டை வைத்துத்தான் பேச முடியும்: உ.பி. சுமார் 23.5 கோடி, தமிழ்நாடு சுமார் 7.7 கோடி. வகுத்தால், லட்சம் பேருக்கு உ.பி.யில் 10-க்குச் சற்றுக் குறைவாகவும் தமிழ்நாட்டில் 23 பேரும் இறந்திருக்கிறார்கள். தலைக்கணக்கில் நாம் இரண்டு மடங்குக்கு மேல் மோசம். இந்தக் கணக்கை நம் குழுக்களில் யாரும் போடுவதில்லை, போட்டால் இரண்டு தரப்புக்கும் சங்கடம்.

உடனே மகன் குதிப்பான். அவனுக்கும் ஒரு வார்த்தை: நம் ஊரில் வீட்டுக்கு வீடு வண்டி. அதிகம் ஓட்டுகிற இடத்தில் தலைக்கு அதிகச் சாவு வருவது எதிர்பார்க்கக்கூடியதுதான். மக்கள்தொகைக்குப் பதிலாக வாகன எண்ணிக்கையால் வகுத்தால் இந்த இடைவெளி குறையும். ஆனால் பதிவான வாகனங்களின் எண்ணிக்கையில் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போன ஸ்கூட்டர்களும் உட்கார்ந்திருக்கின்றன. ஓடிய கிலோமீட்டரால் வகுப்பதுதான் சரியான முறை. அந்தக் கணக்கை நம் நாட்டில் முறையாக எடுப்பதில்லை.

சாவு எண்ணிக்கையையாவது கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? உடல், பிரேதப் பரிசோதனை, இறப்புச் சான்றிதழ் என்று இருப்பதால் காயக் கணக்கைவிட இது உறுதியானது என்றுதான் நானும் வகுப்பில் சொல்லிவந்தேன். அப்புறம் தமிழ்நாட்டு எண்களே என் மூக்கை உடைத்தன. 2019-க்கு முதலில் வெளியான அறிக்கையில் தமிழ்நாட்டுச் சாவுகள் 10,525. 2016-இல் இருந்த 17 ஆயிரத்திலிருந்து மூன்றே ஆண்டில் இவ்வளவு இறங்கிவிட்டதே என்று அந்தச் சார்ட்டை நானும் மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். 2022 அறிக்கையில் அதே 2019-க்கு 18 ஆயிரத்துக்கும் மேல் என்று திருத்தம் வந்தது. நாடு தழுவிய 2019 எண்ணிக்கையும் 1,51,113-லிருந்து 1,58,984 ஆக ஏறியது. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு நம்முடையது. பள்ளமாக இறங்கிய கோடு திருத்தத்துக்குப் பிறகு காணாமல் போய்விட்டது. அதனால் எந்த ஆண்டு எண் என்பதோடு, அது எந்த ஆண்டு அறிக்கையில் அச்சானது என்றும் கேளுங்கள். பழைய சார்ட்டுகள் வாட்ஸ்அப்பில் சாகாவரம் பெற்றவை.

இன்னொரு படமும் உங்கள் குழுவுக்குச் சீக்கிரம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். ‘இரண்டே ஆண்டில் சாலைச் சாவு 22 சதவீதம் உயர்வு’ என்று. 2020-இல் 1,38,383, 2022-இல் 1,68,491, கணக்கு சரிதான். ஆனால் 2020 ஊரடங்கு ஆண்டு, பல வாரங்கள் சாலையே காலி. 2019-லிருந்து பார்த்தால் உயர்வு 6 சதவீதம்.

இப்போது உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மகன் பைக் கொண்டுபோகலாமா என்பதற்கு மாநிலச் சராசரி எதுவும் பதில் சொல்லாது. அவன் உ.பி. முழுக்க ஓட்டப்போவதில்லை, வீட்டிலிருந்து ஆபீசுக்கும் ஆபீசிலிருந்து வீட்டுக்கும் போவான். அதே அறிக்கையில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 50 நகரங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. லக்னோவும் இருக்கிறது, சென்னையும் இருக்கிறது. மாநிலத்தைவிட அது உங்களுக்குக் கொஞ்சம் நெருக்கம். அதிலும் விபத்து எண்ணிக்கையை விட்டுவிட்டு இறந்தவர்கள் பத்தியைப் பாருங்கள், மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், மக்கள்தொகையால் வகுங்கள். குழுவில் இதைப் போட்டால் இரண்டு நாளைக்கு யாரும் பேச மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஊரைவிட வண்டிதான் பெரிய விஷயம். 2022-இல் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்கிறது அறிக்கை. இந்த எண்ணையும் அப்படியே விழுங்க வேண்டாம்: போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை, எத்தனை பேர் ஹெல்மெட் போட்டு ஓட்டுகிறார்கள் என்பது தெரியாமல் இந்த ஒரு எண்ணிலிருந்து பயனை அளக்கவும் முடியாது. ஹெல்மெட் உயிர் காக்கும் என்பதற்கு வேறு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, அதனால்தான் சொல்கிறேன். அந்த 50,029-இல் 14,337 பேர் வண்டி ஓட்டாமல் கூடப் போனவர்கள். மகன் பைக்கோடு ரயிலேறினால் பார்சலில் இரண்டு ஹெல்மெட்டாக வைத்து அனுப்புங்கள். அங்கே போய் ரூம்மேட்டைப் பின்னால் ஏற்றாமலா இருக்கப் போகிறான்?