கனடாவுக்குக் குடிபெயரும் முன்: எதை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்?

கேள்வி: நாங்கள் குரோம்பேட்டையில் சொந்த அடுக்கக வீட்டில் வசிக்கிறோம். எனக்கும் என் கணவருக்கும் இரு பிள்ளைகளுக்கும் கனடாவில் நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) கிடைத்துவிட்டது. கணவர் டொரன்டோவில் அக்டோபர் நடுவில் வேலையில் சேர வேண்டும். நானும் பிள்ளைகளும் தீபாவளி கழித்துப் போகலாம் என்று இருக்கிறோம். கையிருப்பு 14 லட்சம் ரூபாய். 2014-இல் வாங்கிய வீட்டுக்கு இன்று 65 லட்சம் வரை கேட்கிறார்கள். விற்பதா, வாடகைக்கு விடுவதா என்று முடிவு செய்யவில்லை. கணவர் பெயரில் 2012-இல் தொடங்கிய பி.பி.எஃப். கணக்கு உள்ளது. ஸ்வெட்டர், பாத்திரம், மிக்ஸி எல்லாம் இங்கேயே வாங்கிக்கொண்டு போனால் மிச்சமாகும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். செலவைக் குறைக்க வேறு என்ன செய்யலாம்? — வாசகி, சென்னை-44

பதில்: பாத்திரத்திலும் ஸ்வெட்டரிலும் நீங்கள் மிச்சம் பிடிப்பது சில ஆயிரங்கள்தான். உங்கள் கடிதத்தில் லட்சக் கணக்கில் பணம் நிற்கும் இடங்கள் மூன்று: கணவரின் பயணத் தேதி, 14 லட்சத்தை அனுப்பும் முறை, வீடு. மூன்றிலும் புறப்படுவதற்கு முன் செய்யும் வேலைக்கு ஆகும் செலவு வேறு. போன பிறகு அதே வேலைக்கு ஆகும் செலவு வேறு. ஆகவே முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, பிறகு மிக்ஸிக்கு வருவோம்.

பயணத் தேதி. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியக் குடிமகன், அந்த நிதியாண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கு அவர் வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ்பவர். அவர் அங்கே ஈட்டும் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை எண்ணினால் 183 நாட்கள் ஆகிவிடுகின்றன. எனவே உங்கள் கணவர் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் விமானம் ஏறினால், மார்ச் வரை டொரன்டோவில் வாங்கும் ஐந்தரை மாதச் சம்பளமும் இந்தியக் கணக்கில் சேரும். கனடாவில் கட்டிய வரிக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி இங்கே கழிவு உண்டு என்றாலும், முதல் ஆண்டில் அங்கே, போய்ச் சேர்ந்த நாளிலிருந்து வரும் வருமானத்துக்கு மட்டும் வரி என்பதால் அது குறைவாகவே இருக்கும். இங்கோ, ஏப்ரலிலிருந்து வாங்கிய சம்பளத்தோடு இதையும் கூட்டி மேல் விகிதத்தில் கணக்கிடுவார்கள். அந்த வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டி வரலாம். மாதம் 6,000 கனேடிய டாலர் சம்பளம் என்று வைத்துக்கொண்டால் அது உத்தேசமாக ஒன்றரை முதல் இரண்டு லட்சம் ரூபாய். செப்டம்பர் 25-க்குள் அவர் புறப்பட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று வாரம் முன்னதாகப் போய் ஓர் அறையில் தங்கும் செலவு அதைவிடக் குறைவு. வீடு தேடவும் அவகாசம் கிடைக்கும். நாள் எண்ணிக்கையில் இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டே டிக்கெட் எடுங்கள். நள்ளிரவு கடந்து கிளம்பும் விமானத்துக்குப் பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி முத்திரை விழும் என்று பின்னால் வாதாடுவது யாருக்கும் வேண்டாத வேலை.

14 லட்சம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது, ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை வங்கி டி.சி.எஸ். (அனுப்பும்போதே முன்கூட்டி வசூலிக்கும்) வரி பிடிக்காது, 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 7 லட்சமாக இருந்தது. வரம்புக்கு மேல் போகும் தொகைக்கு, கல்வி, மருத்துவம் போன்றவை தவிர்த்த காரணங்களுக்கு, 20 சதவீதம். முழுத் தொகையையும் கணவரே அனுப்பினால் மேலே நிற்கும் 4 லட்சத்துக்கு 80,000 ரூபாய் பிடித்துக்கொள்வார்கள். அது வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பி வரும் பணம்தான். ஆனால் குடித்தனம் தொடங்கும் மாதத்தில் 80,000 ரூபாய் முடங்கிக் கிடப்பது சிறிய விஷயமில்லை. வரம்பு ஆளுக்கு ஆள் தனி என்பதால், உங்கள் பெயரில் உள்ள சேமிப்பை உங்கள் கணக்கிலிருந்தும் அவருடையதை அவர் கணக்கிலிருந்தும் 9 லட்சம், 5 லட்சம் என்று பிரித்து அனுப்பினால் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள்.

உண்மையில் 14 லட்சத்தையும் உடனே அனுப்ப வேண்டும் என்பதில்லை. முதல் நான்கு மாத வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ், குளிர்கால உடை இவற்றுக்குப் போதுமானதை அனுப்பிவிட்டு மீதியை இங்கேயே வையுங்கள். வெளிநாடு வாழ்பவர் ஆனதும் உங்கள் சேமிப்புக் கணக்குகளை என்.ஆர்.ஓ. கணக்காக, அதாவது வெளிநாடு வாழ்பவர் தம் இந்தியப் பணத்தை வைத்துக்கொள்ளும் கணக்காக, மாற்றியாக வேண்டும். இது விருப்பமில்லை, அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கட்டாயம். அந்த என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை உரிய படிவங்களோடு அனுப்பலாம். அதற்கு இந்த டி.சி.எஸ். கிடையாது. ஆனால் என்.ஆர்.ஓ. வைப்புத்தொகையின் வட்டிக்கு 31.2 சதவீதம் வரிப்பிடித்தம் உண்டு என்பதால், பெரிய தொகையை அதில் ஆண்டுக்கணக்கில் தூங்க விடாதீர்கள்.

செலாவணி மாற்றும் விலையைப் பேசி வாங்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 20,000 கனேடிய டாலர் அனுப்பும்போது டாலருக்கு ஒரு ரூபாய் குறைந்தால் 20,000 ரூபாய் மிச்சம். உங்கள் வங்கியிலும், அண்ணா சாலையிலும் தி.நகரிலும் உள்ள உரிமம் பெற்ற செலாவணி நிறுவனங்கள் இரண்டிலுமாக, ஒரே நாளில் ஒரே மணி நேரத்தில் விலை கேளுங்கள். 'கட்டணம் இல்லை' என்ற பலகையை நம்பாமல், 'எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து எத்தனை ரூபாய் போகும்' என்று மட்டும் கேளுங்கள். 5 லட்சம் ரூபாய்க்குச் செலாவணி மாற்றினால் ஜி.எஸ்.டி. 540 ரூபாய்தான், அதற்கு மேல் வரி என்று யாராவது எழுதினால் விளக்கம் கேட்கலாம். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறும் முன் மாற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

வீடு. இரண்டு மாதத்தில் நாட்டை விட்டுப் போகிறவர் விற்கிறார் என்று தெரிந்தால், வாங்குகிறவர் பேசும் விலையே வேறாக இருக்கும். ஆகவே நல்ல விலைக்கு ஆள் இப்போதே தயாராக இல்லையென்றால் வாடகைக்கு விடுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் எப்படியும் விற்கத்தான் போகிறோம் என்ற முடிவு மனதில் இருந்தால், வீடு உங்கள் பெயரில் இருந்தால் போவதற்கு முன் விற்பதே லாபம்; செப்டம்பரில் புறப்படும் கணவர் அந்த ஆண்டு முழுவதற்கும் வெளிநாடு வாழ்பவர் ஆகிவிடுவதால், அவர் பங்குக்கு இது பொருந்தாது. இந்தியாவில் வசிப்பவராக 65 லட்சத்துக்கு விற்றால் வாங்குபவர் விலையிலிருந்து பிடித்து அரசுக்குக் கட்டும் டி.டி.எஸ். வரி 1 சதவீதம், அதாவது 65,000 ரூபாய். வெளிநாடு வாழ்பவராக விற்றால் லாபத்துக்கு அல்ல, முழு விற்பனை விலைக்கும் 12.5 சதவீதமும் கூடுதல் வரிகளும் சேர்த்து 14.3 சதவீதம், ஏறக்குறைய 9.3 லட்சம் ரூபாய் பிடித்துவிடுவார்கள். உண்மையான வரி இதைவிட மிகக் குறைவு என்று காட்டி, வருமான வரித் துறையிடம் குறைந்த வரிப்பிடித்தச் சான்று முன்கூட்டியே வாங்க வழியுண்டு. அதற்கு நேரமும் ஆடிட்டர் கட்டணமும் ஆகும். மேலும், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீத வரி கட்டும் பழைய முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இங்கே வசிப்பவருக்கு மட்டுமே உண்டு.

வாடகைக்கு விடுவதென்றால் இன்னொன்று. உரிமையாளர் வெளிநாடு வாழ்பவராக இருந்தால், குடியிருப்பவர் வாடகையில் 31.2 சதவீதம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதற்குக் குறைந்தபட்ச வரம்பு கிடையாது. 22,000 ரூபாய் வாடகையில் மாதம் 6,864 ரூபாய். வேறு இந்திய வருமானம் இல்லாத ஆண்டில் உங்களுக்கு வரியே வராது, அத்தனையும் திரும்பக் கிடைக்கும்; ஆனால் கணக்கு தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். இதைக் குடியிருப்பவரிடம் முதல் நாளே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாடகை ஒப்பந்தத்தை தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி பதிவு செய்யுங்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் பொது விதி என்பதையும் நினைவில் வையுங்கள். பத்து மாத அட்வான்ஸை வாங்கி அதில் விமான டிக்கெட் எடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்; குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் டாலரை மாற்றித் திருப்பிக் கொடுத்தார்கள்.

உங்கள் சார்பில் வேறொருவர் வீட்டைக் கவனிக்க வழிசெய்யும் அதிகாரப் பத்திரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். என் தம்பி 'போனதும் தூதரகத்தில் எழுதி அனுப்புகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனான். அங்கே அரை நாள் விடுப்பு, தூதரகக் கட்டணம், கூரியர். பத்திரம் இங்கு வந்தபின் மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. உறை பிரிக்கப்படாமல் என் தாயாரின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே கிடந்தது. கெடு தாண்டி, மறுபடி முதலிலிருந்து எல்லாம். நீங்கள் இருவரும் இங்கே இருக்கும்போதே, உங்கள் பெற்றோரில் ஒருவர் பெயருக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டால் ஒரு முற்பகலில் முடிந்துவிடும். அதில் வாடகை வசூல், வரி, மின் இணைப்பு, சங்கக் கூட்டம் ஆகியவற்றுக்கு அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தை, தேவை வராத வரை, கொடுக்காதீர்கள்.

பி.பி.எஃப். கணக்கை மூட வேண்டாம். முதிர்வு வரை தொடரலாம். உங்கள் கணவருடையது 2012 மார்ச்சுக்குள் தொடங்கியது என்றால் 2027 ஏப்ரலிலும், அதற்குப் பின் என்றால் 2028 ஏப்ரலிலும் முதிரும், அதற்குப் பின் நீட்டிக்க முடியாது. மியூச்சுவல் ஃபண்டு இருந்தால் நிறுவனத்தைக் கேளுங்கள். கனடாவில் வசிப்பவரிடம் புதிய முதலீடு வாங்காத நிறுவனங்கள் சில உண்டு. வெளிநாட்டில் ஈட்டியதை இங்கே போட்டு வைக்கும் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை என்று இங்கே சொல்வார்கள், அது உண்மை. கனடா அந்த வட்டிக்கும் வரி கேட்கும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இன்னொரு காகிதமும் வேண்டும்: நீங்கள் கனடாவில் இறங்கும் நாளின் சந்தை விலையே வீட்டின் அடக்க விலை என்று அந்நாட்டு வரித் துறை எடுத்துக்கொள்ளும். பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் அந்தத் தேதிக்கு ஒரு சான்று வாங்கி வையுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவுதான். பத்து ஆண்டு கழித்து விற்கும்போது பேசும்.

நகை. புதுக் குடியேறிகள், தாங்கள் வைத்திருந்து பயன்படுத்திய பொருட்களைத் தீர்வையின்றிக் கொண்டுபோகலாம். ஆனால் முதல் முறை இறங்கும்போதே, பின்னால் வரவிருப்பவற்றையும் சேர்த்து, முழுப் பட்டியலையும் கொடுத்துவிட வேண்டும். நகைகளுக்குப் படமும் மதிப்பும் இணையுங்கள். கனமானவற்றை லாக்கரில் விட்டு, லாக்கரில் தாயாரையும் கூட்டுப் பெயராகச் சேர்த்துவிட்டுப் போவது நல்லது. அணிந்து செல்பவற்றுக்குச் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கினால், கல்யாணத்துக்கு வரும்போது அதே வளையலுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

இனி சாமான். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட். இங்கே வாங்கும் 230 வோல்ட் மிக்ஸியும் கிரைண்டரும் அங்கே பாரம்தான். 110 வோல்ட் மிக்ஸி என்று கேட்டு வாங்கினால் சரி. அடுப்பு பெரும்பாலும் மின்சாரத் தட்டு என்பதால் குழிவான இரும்புச்சட்டி அதில் ஆடும்; தட்டையான அடியுள்ள பாத்திரமும், குக்கருக்கு இரண்டு உபரி கேஸ்கட்டும், இட்லித் தட்டும் போதும். ஸ்வெட்டரை வாங்க வேண்டாம். தி.நகரில் கிடைப்பது ஊட்டிக் குளிருக்கு. டொரன்டோவின் ஜனவரிக்கு அது உள்சட்டை. கப்பலில் மேசை நாற்காலி அனுப்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

அதற்குப் பதில் அந்தப் பணத்தைப் பல் மருத்துவரிடமும் கண்ணாடிக் கடையிலும் செலவழியுங்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு, வேலைக்குப் போகும் வயதினரின் பல் சிகிச்சையையும் மூக்குக்கண்ணாடியையும் ஏற்பதில்லை. நால்வரின் பல்லையும் இங்கே பார்த்து, அடைக்க வேண்டியதை அடைத்து, ஆளுக்கு இரண்டு கண்ணாடி செய்துகொள்ளுங்கள். தொடர்ந்து சாப்பிடும் மருந்து இருந்தால் மருந்துச்சீட்டோடு 90 நாளைக்கு எடுத்துப் போகலாம். பிள்ளைகளின் தடுப்பூசிப் பட்டியலை மருத்துவரிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள், பள்ளியில் கேட்பார்கள். கணவருக்கு வாகனம் ஓட்டும் பழக்கம் இருந்தால், எத்தனை ஆண்டாக உரிமம் வைத்திருக்கிறார் என்ற சான்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கச் சொல்லுங்கள். அது இருந்தால் அங்கே ஓட்டுநர் தேர்வுக்குக் காத்திருக்கும் காலம் குறையும்.

இரண்டு சின்ன விஷயங்கள். எரிவாயு இணைப்பை ஒப்படைத்து வைப்புத்தொகையைத் திரும்பப் பெறுங்கள். கைப்பேசி எண்ணை மிகக் குறைந்த திட்டத்துக்கு மாற்றி, சர்வதேச ரோமிங்கை இங்கிருக்கும்போதே இயக்கிவிடுங்கள். எண் போய்விட்டால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் வங்கியும் வரிக் கணக்கும் பூட்டிய கதவுதான்.

நீங்களும் பிள்ளைகளும் தீபாவளிக்குப் பிறகே போவதில் வரிச் சிக்கல் இல்லை. 182 நாள் கணக்கு ஆளுக்கு ஆள் தனி. மார்ச் வரை உங்களுக்கு அங்கே வருமானம் வராவிட்டால் அது உங்களைத் தொடாது. நீங்கள் போய்ச் சேர்ந்த வாரமே, பிள்ளைகளுக்கான கனேடிய அரசின் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கு அதற்குக் காத்திருப்புக் காலம் இல்லை. கணவரின் பயணத் தேதியை மட்டும் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.