மருந்து அடிக்காமல் கோவாப் புழுவைச் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் கேட்டிருக்கிற விதம்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. ஹட்டன் பக்கம் லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் கோவா (முட்டைக்கோஸ்) போட்டிருக்கிறீர்கள், இலையெல்லாம் ஓட்டை, கடை மருந்து வேண்டாம், பூண்டும் கொச்சிக்காயும் அரைத்து எத்தனை நாளைக்கு ஒரு தடவை அடிக்கலாம் என்று கேட்கிறீர்கள். போத்தலை மாற்றினால் அது இயற்கை விவசாயம் ஆகிவிடும் என்ற நினைப்பு நம் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. நான் வெலிமடைப் பக்கம் கோவா, போஞ்சி, லீக்ஸ் போடுகிறவன். எதையும் அரைப்பதற்கு முன்னால் தோட்டத்துக்குள் போய் இலையைத் திருப்பிப் பாருங்கள் என்றுதான் முதலில் சொல்வேன்.

இலைக்கு அடியில் சின்னப் பச்சைப் புழு இருக்கும், நன்றாக வளர்ந்தாலும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். தொட்டால் துடிதுடித்துப் பின்னால் போய் நூல் விட்டுத் தொங்கும். அப்படித் தொங்கினால் அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. சிறிதாக இருக்கும்போது இலையின் மேல்தோலை விட்டுவிட்டு அடியிலிருந்து சுரண்டித் தின்னும், வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடம் மட்டும் கண்ணாடித்தாள் ஒட்டினது மாதிரி தெரியும். அப்புறம் கூடுகளைப் பாருங்கள். பின்னல் இளக்கமாக இருந்து உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் அது அந்துப்பூச்சியின் கூடு, நசுக்கிவிடலாம். அதைவிடச் சிறிதாக, உள்ளே ஒன்றும் தெரியாமல் வெள்ளையாக, அடர்த்தியாக இருந்தால் கை வைக்காதீர்கள். அது ஒட்டுண்ணிக் குளவியின் கூடு. அந்தக் குளவி புழுவுக்குள் முட்டையிடும், குஞ்சு புழுவை உள்ளுக்குள்ளேயே தின்று வளர்ந்து வெளியே வந்து கூடு கட்டும். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக் கூட்டத்திலும் இப்படித்தான், உப்பிப்போய் பழுப்பு நிறத்தில் அசையாமல் நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே குளவி வேலையை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் பூண்டு, கொச்சிக்காய், சவர்க்காரம் எல்லாம் கலந்து பாத்தி முழுக்க அடித்தால் குளவிக்கும் பொறிவண்டுக்கும் சேர்த்துத்தான் அடி விழும். வீட்டில் அரைத்தது என்பதால் அது ஆளைப் பார்த்து அடிக்காது.

இது நம் மலையில் பெரிய அளவில் நடந்து முடிந்த கதை. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோட்ரிக்ஸ் புழுவுக்காக 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது, புழுத் தொல்லையும் அடங்கியது. பிறகு 1950களில் தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற இரசாயன மருந்தை அடித்தார்கள். வண்டு குறைந்தது, கூடவே குளவியும் செத்தது, அடங்கிக் கிடந்த டோட்ரிக்ஸ் திரும்பவும் தலைதூக்கியது. நம்மில் பாதிப்பேர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்திருக்கிறோம், இந்தக் கதையைச் சொல்லத்தான் ஆளில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். மழை உங்களுக்குத் துணை. பலத்த மழை சின்னப் புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும், அதனால் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை நேரத்தில் இந்தப் புழுத் தொல்லை குறைவு (அப்போது ஓடில்லாத நத்தைதான் தலைவலி, இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குவதைத் தவிர எனக்குத் திருப்தியான வழி கிடைக்கவில்லை). ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழையில்லாமல் காய்ந்து கிடக்கும்போதுதான் புழு ஏறும். அந்தக் காலத்துக்கு நடுவதாக இருந்தால் கோவா நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே பாத்தி ஓரத்தில் கடுகு விதைத்துவிடுங்கள். அந்துப்பூச்சிக்குக் கோவாவை விடக் கடுகு பிடிக்கும், அங்கே போய் முட்டையிடும். கோவா நட்டு மூன்று, நான்கு கிழமையில் இன்னொரு தடவை கடுகு போட வேண்டும், முதல் கடுகு அதற்குள் முற்றிவிடும். மருந்து ஏதாவது அடித்தே ஆக வேண்டுமென்றால் அந்தக் கடுகில் மட்டும் அடிக்கலாம். மல்லியைக் கொஞ்சம் பூக்க விடுங்கள், அந்தச் சின்னப் பூக்களின் தேன்தான் குளவிக்குச் சாப்பாடு.

கோவாவுக்குப் பிறகு அதே பாத்தியில் நோக்கோல், ராபு, பூக்கோவா போடாதீர்கள், எல்லாம் ஒரே குடும்பம். போஞ்சியோ லீக்ஸோ கரட்டோ போடுங்கள்.

அப்படியும் புழு மீறினால் வேப்பங்கொட்டை. வேம்பு நம் குளிரில் வராது, யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள். உடைத்த பருப்பு 50 கிராமை ஒரு லீட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி சவர்க்காரம் சேர்த்து, பொழுது சாயும் நேரத்தில் இலைக்கு அடியில் படுகிற மாதிரி அடிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் போய்விடும். புழு உடனே சாகாது, தின்பதை நிறுத்தும், அதனால் மறுநாள் காலையிலேயே பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். பி.டி. (Bt) என்ற பாக்டீரியா மருந்தும் இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்டதுதான், குஞ்சுப் புழுவுக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் கிழமைக்கு ஒரு தடவை என்று பழக்கப்படுத்திவிடாதீர்கள். டிடிடி என்ற பழைய இரசாயன மருந்துக்கே பழகிக்கொண்ட புழு இது, ஹவாயில் பி.டி.க்கும் பழகிவிட்டது.

2021இல் இலங்கையில் நடந்ததைப் பார்த்துவிட்டு இயற்கை விவசாயமே சரிவராது என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். மே மாதம் இரசாயன உரத்துக்கும் மருந்துக்கும் தடை வந்தது, நவம்பரில் எடுத்துவிட்டார்கள். வருடக்கணக்காக மருந்து அடித்து குளவியும் சிலந்தியும் இல்லாமல் போன நிலத்தில் ஒரு போகத்துக்குள் அவை எப்படித் திரும்பி வரும்? உங்கள் துண்டு நிலத்துக்கும் அதே கணக்குத்தான், முதல் போகத்தில் கொஞ்சம் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நிற்கிற பயிரில், நடுக்குருத்தை மட்டும் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை விரித்துப் பார்த்துப் புழுவைக் கையால் எடுங்கள். வெளி இலையில் ஓட்டை இருந்தால் பரவாயில்லை, அதை எப்படியும் உரித்துத்தான் போடுகிறோம். வெட்டி முடிந்ததும் அடிக்கட்டையை அப்படியே விடாமல் அன்றைக்கே பிடுங்கிக் கூட்டெருக் குழியில் போட்டு மூடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த போகத்துக்கான அந்துப்பூச்சி அதிலேயே வளரும். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடமும் இதைச் சொல்லுங்கள், அவர்கள் கட்டையில் வளர்கிற பூச்சியும் உங்கள் கோவாவுக்குத்தான் வரும்.